நானூற்று எழுபது

லிஃப்ட் கம்பெனியில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ரெண்டுதரம். மேனேஜர் கோபத்தில் கத்தினாலும் ரெண்டுதரம், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் மரியாதையாகக் கூப்பிட்டாலும் ரெண்டுதரம் சார். மற்ற மெக்கானிக்குகள் ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டு இறங்கி வந்து டீ குடித்து முடிக்கிற நேரத்தில் இவர் மேலே அதே போல்ட்டை மறுபடி தொட்டுக்கொண்டிருப்பார். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்குவார், திரும்ப ஏறுவார், பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். மனைவி அதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டிருப்பாள். “எங்க உங்க வீட்டுக்காரர்?” என்று யாராவது கேட்டால், “பூட்டோட பேசிட்டு வருவார்” என்பாள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவரும் எல்லோரையும்போல ஒரே தரம் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் பிரேக்கைக் கழற்றி மாட்டிவிட்டு, நட்டை இறுக்கியாயிற்று என்ற நினைப்பில் மெயின் சுவிட்சைப் போட்டார். நட்டை அவர் இறுக்கியிருக்கவில்லை. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றிருந்த கூட்டாளியோடு பெட்டி இரண்டு மாடி சறுக்கியது. கூட்டாளியின் வலது கால் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில், முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு டாக்டரம்மா, “இருங்க, இன்னொரு தடவை பாத்துடறேன்” என்று கட்டைப் பிரித்தார். அந்த இன்னொரு தடவையில் முழங்கால் தப்பியது, பாதம் மட்டும் போனது. கூட்டாளி இன்றைக்கும் அதே கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார். ரெண்டுதரம் என்று பெயர் வைத்தவரே அவர்தான்.

மகள் அப்போது மனைவியின் வயிற்றில் இருந்தாள். அந்த ஆஸ்பத்திரி நடையில் நின்றபடியே அவர் முடிவு பண்ணிவிட்டார், பிறக்கப்போவது டாக்டர் என்று. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத பிள்ளைக்கு வேலை கொடுத்தாகிவிட்டது. மனுஷன் ஆசைப்பட்டால் அப்படித்தான்.

பிள்ளையும் ஏமாற்றவில்லை. தானாக எழுந்தாள், தானாகப் படித்தாள், போய்ப் படி என்று யாரும் விரட்டியதில்லை. மருத்துவ நுழைவுத் தேர்வு ஐந்நூறு மார்க்குக்கு. அவள் வாங்கியது நானூற்று எழுபது. சும்மா இல்லை, அந்த வட்டாரத்திலேயே அதற்கு மேல் வாங்கினவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். டாக்டர் படிப்புக்குக் கடைசியாக இடம் கிடைத்தவனின் மார்க் நானூற்று எழுபத்து நாலு.

நாலு மார்க். கேள்விக்கு இரண்டு மார்க் என்பதால் கணக்குப்படி இரண்டே கேள்வி.

நானூற்று எழுபதுக்குப் பார்மசி படிப்பில் நல்ல கல்லூரியிலேயே இடம் தயாராக இருந்தது. வேண்டாம், திரும்ப எழுதுகிறேன் என்றாலும் எழுதலாம். ஆனால் அதில்தான் வினை இருந்தது. ஒருவருக்கு மொத்தமே இரண்டு தடவைதான். திரும்ப எழுதுகிறவர்கள் பழைய மார்க்கைக் கைவிட வேண்டும். மார்க் பட்டியலின் அசலைக் கொடுத்தால் ரத்து முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்புறம் பார்மசி இடமும் கிடையாது. அடுத்த வருஷம் முந்நூறு வந்தாலும் அதுதான் அவளுடைய மார்க். படிவம் ஒரே தாள், அதில் இரண்டு கட்டம்: ஏற்கிறேன், கைவிடுகிறேன். ஒன்றில் குறி போட்டு, பதினெட்டு நிறையாதவர்கள் பெற்றவரின் கையெழுத்தோடு நாலு மணிக்குள் நேரில் கொடுக்க வேண்டும். பத்து நாள் அவகாசத்தில் ஒன்பது நாள் வாக்குவாதத்திலேயே போய்விட்டது. இன்றைக்குக் கடைசி நாள்.

“நானூத்தி எழுபதுங்க” என்றாள் மனைவி, காலையில் தட்டை வைத்தபடி. “உங்க வீட்டு ஆளுங்க எங்க வீட்டு ஆளுங்க எல்லார் மார்க்கையும் சேர்த்து வெச்சாலும் இவ்வளவு வராது. வந்ததைப் பிடிச்சுக்காம எதுக்கு இந்தப் பரிதவிப்பு?”

“ரெண்டே கேள்விடி.”

“அந்த ரெண்டு கேள்விக்காக மிச்ச எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போடணுமா? நான் தினமும் டாக்டருங்களைப் பாக்கறவ.” அவள் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருந்தாள். “அவங்களும் தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கிட்டுதான் உக்காந்திருக்காங்க. அந்த மாத்திரையை எடுத்துக் குடுக்கறவளா நம்ம பொண்ணு இருந்தா என்ன கெட்டுப் போச்சு?”

அவருக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் பத்து நாளாக அவர் சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் நாலு. சாப்பாட்டில் கை வைத்தால் நாலு. நானூறு வந்திருந்தால் விதி என்று விட்டிருப்பார். இது கைக்கு எட்டி, நகத்தால் தொட்டு, நழுவிப் போன சங்கதி. அப்படி நழுவுவதைத்தான் அவரால் பொறுக்க முடியாது. மகளோ எதைக் கேட்டாலும் “யோசிக்கிறேன்பா” என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“யோசிக்க இன்னும் என்ன இருக்கு?” என்றார் அவளிடம். குரல் தன்னாலேயே ஏறிவிட்டது. “உனக்குத் தெரியாத பாடமா? முடிச்சதும் ஒழுங்கா இன்னொரு தடவை பாத்திருந்தா அந்த நாலு மார்க் எங்க போயிருக்கும்? பரீட்சை அன்னிக்கு ஸ்கூல் கேட்டுல நிறுத்தி அதைத்தானே சொல்லி அனுப்பினேன்?”

மகள் அவரைப் பார்த்தாள். பாதி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவி, “போதுமா? திருப்திதானே?” என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அன்றைக்கு அவர் பூட்டை இழுத்துப் பார்க்க வழியில்லை, மகள் உள்ளே இருந்தாள்.

பிரேக் லைனிங் வாங்க ஸ்டோருக்குப் போனபோது ஸ்டோர்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“என்னப்பா, இன்னும் நாலுலயே நிக்கறியா?”

“நாலு மணிக்குள்ள குடுக்கணும். அவ வாயே திறக்க மாட்டேங்கறா.”

“பயப்படறா. பயப்படாம என்ன பண்ணுவா? சறுக்கினா பிடிக்க ஒண்ணும் இல்லாத இடத்துல ஏறுன்னு சொல்றே.” ஸ்டோர்காரர் தன் செயற்கைப் பாதத்தை நேராக்கி வைத்துக்கொண்டார். “என் காலுக்காக அவளை டாக்டராக்கணும்னு நினைக்கிறியோ என்னவோ. அப்படி ஏதாவது இருந்தா விட்டுடு. எனக்கு இந்தக் கால் பழகிப் போச்சு. செருப்பு ஒண்ணு தேயறதே இல்ல, லாபம்தான்.”

அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை. லைனிங்கை வாங்கி, சைஸைப் பார்த்து, பைக்குள் போட்டு, திரும்ப வெளியே எடுத்து சைஸைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

அன்றைய வேலை ஒன்பது மாடிக் குடியிருப்பில். லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்கும்போது உதறுகிறது என்று புகார். மொட்டைமாடியில் இருந்த மோட்டார் அறைக்குள் நுழைந்து, மெயினை அணைத்து, பிரேக்கைப் பிரித்து லைனிங்கை மாற்றிப் பதினோரு மணிக்கே முடித்துவிட்டார். ஓட்டியும் பார்த்தார், உதறல் இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுபடி அணைத்துப் பிரித்தார். ஒரு மணி ஆயிற்று. கீழேயிருந்து வாட்ச்மேன், “சார், ஆறாவது மாடி அம்மா காய்கறிப் பையோட படியிலயே உக்காந்துட்டாங்க, லிஃப்ட் வருமா வராதா?” என்று போனில் கெஞ்சினார். “பத்து நிமிஷம்” என்றார் ரெண்டுதரம். அந்தப் பத்து நிமிஷத்தை அவர் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது தகரக் கதவு திறந்தது. மகள் நின்றிருந்தாள். ஒன்பது மாடியும் ஏறி வந்த மூச்சு வாங்கியது. அப்பா நிறுத்தி வைத்த லிஃப்டில் அவள் எப்படி வருவாள்?

“நீ எதுக்கும்மா வந்தே? சாப்ட்டியா?”

அவள் டூல்பாக்ஸ் மேல் உட்கார்ந்து கையிலிருந்த கவரைப் பிரித்தாள். உள்ளேயிருந்து ஒரு தாளை எடுத்தாள். வரிவரியாகச் சின்ன வட்டங்கள், ஒவ்வொரு வரியிலும் ஒன்று மட்டும் பென்சிலால் கருப்பாக்கப்பட்டிருந்தது.

“என் விடைத்தாளோட நகல். எழுதிக் கேட்டா அனுப்புவாங்க. நாலு நாளைக்கு முன்னாலயே வந்துடுச்சு. நூத்திப் பதினெட்டைப் பாருங்க.”

அவர் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். நூற்றுப் பதினெட்டாவது வரியில் மூன்றாவது வட்டம் கருப்பாக இருந்தது. கம்பிக் கயிற்றில் ஒரு இழை அறுந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அவருடையது. இரண்டாவது வட்டத்தில் மங்கலாக ஒரு சாம்பல் கறை இருப்பதும் தெரிந்தது. ரப்பரால் அழித்த இடம்.

“முதல்ல ரெண்டாவதைப் போட்டியா?”

“ஆமா.”

“எது சரி?”

“அழிச்சதுதான் சரி” என்றாள். “இருநூத்தி மூணும் அப்படித்தான்.”

அவர் இருநூற்று மூன்றைத் தேடிப் பார்த்தார். அங்கேயும் கருப்புக்குப் பக்கத்தில் ஒரு கறை இருந்தது. இரண்டு கேள்வி, நாலு மார்க். எங்கேயோ போய்விட்டதாக அவர் பத்து நாளாகத் தேடிக்கொண்டிருந்த நாலு மார்க் இந்தத் தாளிலேயே இருந்தது.

“இருபத்தஞ்சு நிமிஷம் மிச்சம் இருந்துச்சுப்பா. முடிச்சுட்டு கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தேன். அப்ப நீங்க கேட்டுல சொன்னது ஞாபகம் வந்துச்சு.” அவள் அழவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. “முதல்லேருந்து பாத்தேன். பாக்கப் பாக்க எல்லாமே தப்பு மாதிரி இருந்துச்சு. இந்த ரெண்டையும் மாத்தினேன். இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்திருந்தா இன்னும் பத்தை மாத்தியிருப்பேன்.”

ரெண்டுதரம் மோட்டாரின் அடிப்பலகைமேல் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வருஷம் எதைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தாரோ அதுவே கழன்று வந்து பெண்ணின்மேல் விழுந்திருந்தது. போதாததற்குக் காலையில் அதே வார்த்தையை எடுத்து அவளை அடித்தும் இருக்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீங்க ஒடஞ்சு போயிடுவீங்க. மறைச்சே வெச்சுடலாம்னுதான் இருந்தேன். இன்னிக்குக் காலைல மறுபடி அதையே சொன்னீங்க. முடியலப்பா.”

கீழேயிருந்து மறுபடி போன் அடித்தது. இருவரும் அதை அடித்து ஓய விட்டார்கள்.

“வேணாம்மா” என்றார் கடைசியில். “பார்மசியே சேந்துடு. அம்மா சொல்றதுதான் சரி. ஏற்கிறேன்னு போட்டுக் குடுத்துடலாம். இன்னொரு வருஷம் உன்னை நான் இப்படி வதைக்க மாட்டேன்.”

“நான் குறி போட்டுட்டேன்.”

“எதுல?”

“சொல்ல மாட்டேன்.” அவள் கவரை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். “சொன்னா எதுவா இருந்தாலும் இன்னொரு தடவை யோசிம்பீங்க. நீங்க சொன்னா நான் யோசிப்பேன். யோசிச்சா அழிச்சுடுவேன். நீங்க பாக்காம கையெழுத்துப் போடணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

அவர் எவ்வளவோ சொல்ல வாயெடுத்தார். ஒன்றும் சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று தோன்றியது. எழுந்து பிரேக்கை மாட்டினார். நட்டை இறுக்கினார். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“அங்க ரெண்டுதரம் பாருங்க” என்றாள் அவள். “அதுல ஆளுங்க போறாங்க.”

பார்த்தார். மெயினைப் போட்டார். ஒன்பது மாடியும் லிஃப்டிலேயே இறங்கினார்கள். பெட்டி ஒவ்வொரு மாடியிலும் பூப்போல நின்றது. கீழே கதவு திறந்ததும் காய்கறிப் பையோடு காத்திருந்த ஆறாவது மாடி அம்மாள், “ஒரு பிரேக்குக்கு அரை நாளா?” என்று இருவரையும் முறைத்தாள். அவருக்கு அது காதிலேயே விழவில்லை.

தேர்வு அலுவலகத்தில் அவர்களுக்கு முன்னால் பதினாலு பேர் நின்றார்கள். மூன்றே முக்காலுக்குத்தான் ஜன்னல் வந்தது. மகள் படிவத்தின் மேல்பாதியை உள்பக்கமாக மடித்து, கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும் தெரியும்படி நீட்டினாள். மடிப்பு மெல்லிசாக இருந்தது. வெளிச்சத்தில் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தால் குறி எந்தக் கட்டத்தில் என்று தெரிந்திருக்கும். அவர் பார்வையைச் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் வைத்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டார்.

“பெத்தவங்க படிச்சுப் பாத்துட்டுதான் கையெழுத்துப் போடணும்” என்றார் ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா. “பாத்தீங்களா?”

அவர் கை தன்னாலேயே தாளை நோக்கி நகர்ந்தது. பழகின கை, அதைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? மகள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவ பாத்துட்டா” என்றார்.

“நான் உங்களைக் கேட்டேன்.”

“பாத்துட்டேன்.” அதுவரை வாழ்க்கையில் அந்த ஒரு வார்த்தையை அவர் பொய்யாகச் சொன்னதில்லை.

குமாஸ்தா மடிப்பைப் பிரித்தார், படித்தார், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக மகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு, “அசலைக் குடும்மா” என்று கையை நீட்டினார்.

ரெண்டுதரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மார்க்கை ஏற்கிறவர்களிடம் அசலைக் கேட்க மாட்டார்கள். பத்து நாளாகச் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் கேட்டுக்கொண்டிருந்ததை மகள் கொடுத்துவிட்டாள், அதுவும் அவர் வேண்டாம் என்று கெஞ்சிய அன்றைக்கு. “சார், ஒரு நிமிஷம்” என்றார். மகள் அவர் முழங்கையைப் பிடித்தாள். முத்திரை விழுந்தது. ஊதா மையில் ரத்து என்ற எழுத்துக்கு அடியில் நானூற்று எழுபது இன்னும் படிக்கிற மாதிரிதான் இருந்தது. குமாஸ்தா அதை ஒரு கட்டில் செருகிவிட்டு, ஒப்புகைச் சீட்டைத் தள்ளி, “இனிமே மாத்த முடியாது. அடுத்தவங்க வாங்க” என்றார்.

பஸ் நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர் ஒப்புகைச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்து, எடுத்துப் பார்த்து, மறுபடி வைத்தார். அவருக்கு அழுகை வந்தது. கிரீஸ் கையால் துடைத்துக்கொண்டதில் கன்னத்தில் கருப்பு பட்டது.

“ஏம்மா இப்படிப் பண்ணே?”

“தெரியாம விட்டிருந்தா பேசாம பார்மசிக்குப் போயிருப்பேன்பா. ரெண்டும் எனக்குத் தெரிஞ்சது. தெரிஞ்சதை நானே அழிச்சேன். அதோட ஆயுசுக்கும் என்னால குடித்தனம் பண்ண முடியாது.”

“குறைஞ்சு போச்சுன்னா?”

“போச்சுன்னா போச்சு.” அவள் உதடு அப்போதுதான் கொஞ்சம் கோணியது. “பயமாத்தான் இருக்கு.”

“எனக்கும்தாம்மா.”

பஸ் இன்னும் வரவில்லை. எதிர்ப்பக்கக் கடையில் யாரோ ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மகள் கைக்குட்டையை எடுத்து அவர் கன்னத்துக் கருப்பைத் துடைத்தாள். அது போகவில்லை.

“அடுத்த தடவை ரப்பர் எடுத்துட்டுப் போக மாட்டேன்” என்றாள். அப்புறம் கைக்குட்டையை மடித்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னாள்: “அப்பா, அன்னிக்கு அம்மா என்னோட வரட்டும். நீங்க கேட்டுக்கு வர வேணாம்.”

ஒன்றாம் வகுப்பில் முதல் பரீட்சை எழுதப் போன நாளிலிருந்து எந்தப் பரீட்சைக்கும் அவள் அவர் இல்லாமல் போனதில்லை. லீவு போட்டு வருவார், ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வருவார், ஒரு தரம் காய்ச்சலோடு வந்து கேட்டுக்கு வெளியே மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

“சரிம்மா” என்றார். “வரல.”

நிஜமாகவே வேண்டாமா என்று இன்னொரு தடவை கேட்க வாய் வரைக்கும் வந்தது. தூரத்தில் பஸ் தெரிந்தது. அவர் கேட்காமல் எழுந்து பஸ்ஸை நிறுத்தக் கையை நீட்டினார்.